கரீபியன் உல்லாசப் பயணம்: திரும்பி வரும் வழிக்கும் சீட்டு வேண்டாமா?

குளிர்காலம் வந்துவிட்டால் அமெரிக்க மக்களின் எண்ணம் தெற்கு நோக்கித் திரும்புகிறது. பனி கொட்டும் நகரங்களை விட்டுக் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு, ஜமைக்கா, பார்படோஸ், செயின்ட் லூசியா எனக் கரீபியன் தீவுகளின் கடற்கரை விடுதிகளை அவர்கள் நாடிச் செல்கின்றனர். பெட்டியில் அடுக்கும் துணிமணிகளைப் பற்றிப் பன்முறை சிந்திப்போர், கைப்பையில் இருக்கவேண்டிய அடையாள ஆவணங்களைப் பற்றி ஒருமுறையேனும் சிந்திப்பதுண்டா? இந்த ஒரு கவனக்குறைவால் விமான நிலையத்தின் வாயிலோடு முடிந்துபோகும் விடுமுறைகளும் உண்டு.

பழைய வழக்கம்

ஒரு காலத்தில் இக்கவலை இருந்ததில்லை. பிறப்புச் சான்றிதழும் ஓட்டுநர் உரிமமும் இருந்தால், அமெரிக்கக் குடிமக்கள் பெரும்பாலான கரீபியன் தீவுகளுக்குச் சென்று திரும்ப முடிந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்கள் அந்நிலையை மாற்றின. 2004-ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின்படி, 2007 ஜனவரி 23 முதல் விமானத்தில் நாடு திரும்புவோருக்குப் பாஸ்போர்ட் கட்டாயமாயிற்று. 2009 ஜூன் 1 முதல் தரைவழிக்கும் கடல்வழிக்கும் புதிய விதிகள் வந்தன.

அந்த 2007-ஆம் ஆண்டில் விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்தன. பயண நாள் நெருங்கியும் பாஸ்போர்ட் கைக்கு வராமல் பலர் தவித்தனர். இறுதியில் அரசே இறங்கிவந்து, விண்ணப்பித்ததற்கான சான்றையும் அரசு வழங்கிய அடையாள அட்டையையும் காட்டுவோர் செப்டம்பர் இறுதிவரை விமானத்தில் சென்று வரலாம் எனத் தற்காலிகமாக விதியைத் தளர்த்த நேர்ந்தது. கடைசி நேரத்தில் விழித்துக்கொள்வதால் நேரும் இடரை அவ்வாண்டு பலருக்கும் உணர்த்திற்று.

கப்பலுக்கு ஒரு சலுகை

விதி இறுகினாலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் புறப்பட்டு, தீவுகளைச் சுற்றி, அதே துறைமுகத்திற்குத் திரும்பும் உல்லாசக் கப்பலில் செல்லும் அமெரிக்கக் குடிமக்கள், பிறப்புச் சான்றிதழையும் அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையையும் காட்டித் தாயகத்திற்குள் நுழையலாம். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே போதும்.

இதில் பணக்கணக்கும் உண்டு. 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி முதன்முறை பாஸ்போர்ட் எடுக்கப் பெரியவருக்கு 165 டாலர். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 135 டாலர். பெற்றோரும் இரு சிறுபிள்ளைகளும் உள்ள வீட்டிற்கு 600 டாலர் செலவாகும். ஆதலால் பலர் சான்றிதழே போதுமென்று கப்பலேறிவிடுகின்றனர்.

ஆனால், ஒன்றை எண்ணிப் பாருங்கள். நடுவழியில் வீட்டுப் பெரியவருக்கு மாரடைப்பு நேரிட்டு, செயின்ட் லூசியாவின் மருத்துவமனையில் அவரைச் சேர்க்கவேண்டி வருகிறது. கப்பல் காத்திராது. குணமடைந்தபின் அவர் வீடு திரும்ப வேண்டியது விமானத்தில்தான். விமானத்திற்கோ பாஸ்போர்ட் வேண்டும். செயின்ட் லூசியாவில் அமெரிக்கத் தூதரகம் இல்லை. அத்தீவின் பொறுப்பை ஏற்றுள்ள தூதரகம் கடலுக்கு அப்பால், பார்படோஸின் பிரிட்ஜ்டவுன் நகரில் இருக்கிறது. நோயாளியையும் வைத்துக்கொண்டு ஆவணத்திற்காக அலையும் அந்த மனைவியின் நிலை எத்தகையதாக இருக்கும்? சலுகை கப்பலின் வழிக்கு மட்டுமே. விபத்தின் வழிக்கு அன்று.

மேலும், இச்சலுகை அமெரிக்கா தந்தது. இறங்கும் தீவின் சட்டம் வேறாக இருக்கலாம். ஆகவே கப்பல் நிறுவனத்திடம் ஒவ்வொரு துறைமுகத்தைப் பற்றியும் முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

தாயகத்துத் தீவுகள்

பாஸ்போர்ட் இன்றியே செல்லத்தக்க கரீபியன் தீவுகளும் அமெரிக்கர்களுக்கு உண்டு. போர்ட்டோ ரிக்கோவும், 1917-ல் டென்மார்க்கிடமிருந்து இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கப்பட்ட வர்ஜின் தீவுகளும் அமெரிக்க ஆட்சிப் பகுதிகளே. எனினும் 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானப் பயணத்திற்கும் ‘ரியல் ஐடி’ தரத்திலான உரிமமோ, பாஸ்போர்ட் போன்ற பிற ஆவணமோ கேட்கப்படுகிறது. வர்ஜின் தீவுகளிலிருந்து பெருநிலத்திற்குத் திரும்புகையில் குடியுரிமைச் சான்றும் கேட்கப்படலாம்.

இங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. செயின்ட் தாமஸ் தீவின் கரையில் நின்றால், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் அருகிலேயே தெரிகின்றன. படகில் சிறிது நேரப் பயணந்தான். ஆனால் அது வேற்று ஆட்சிப் பகுதி. பாஸ்போர்ட் இல்லாதார் அங்கே கால் வைக்க இயலாது.

வீட்டில் செய்யவேண்டியவை

பயணம் முடிவானதும் குடும்பத்தலைவியர் ஓர் உறையில் அனைவருடைய ஆவணங்களையும் எடுத்து வைத்துச் சரிபார்க்கவேண்டும். பெரியவரின் பாஸ்போர்ட் பத்தாண்டு செல்லும். பதினாறு வயதுக்குட்பட்டோர் பெற்றதோ ஐந்தாண்டுகளே. பிள்ளையின் பாஸ்போர்ட் காலாவதியானதைப் பெற்றோர் மறந்துவிடுவதற்கு இதுவே காரணம். அதைப் புதிதாக எடுக்கத் தாய் தந்தை இருவரும் நேரில் வரவேண்டும். வர இயலாதவர் சான்றுறுதி பெற்ற ஒப்புதல் கடிதம் தரவேண்டும்.

திருமணத்தால் பெயர் மாறிய பெண்கள், பயணச்சீட்டில் உள்ள பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா எனக் காணவேண்டும். 2010 ஜூலை 1-க்கு முன் வழங்கப்பட்ட போர்ட்டோ ரிக்கோ பிறப்புச் சான்றிதழ்கள் செல்லாதனவாக்கப்பட்டுவிட்டமையால், அங்கே பிறந்தோர் புதியதைப் பெற்றிருக்கவேண்டும். சட்டைப்பையில் அடங்கும் ‘பாஸ்போர்ட் கார்டு’ கடல்வழிக்கு உதவும். வெளிநாட்டு விமானப் பயணத்திற்கு உதவாது.

600 டாலர் சிறு தொகை அன்று. ஆயினும் அது விடுமுறைக்கான செலவு என்பதைவிட, திரும்பி வரும் வழிக்கான காப்பு என்பதே பொருந்தும். போகும் வழியை மட்டும் எண்ணிப் புறப்படாதீர்கள். எதிர்பாராத நாளில் எவ்வழியாகத் திரும்புவோம் என்பதையும் எண்ணிப் பெட்டியைக் கட்டுங்கள்.