கோதுமைக்கு ஏன் வீரிய ஒட்டு வாய்க்கவில்லை?

மக்காச்சோளம் போடும் உழவர் ஒவ்வொரு பருவமும் கடையில் புது விதைப் பை வாங்குகிறார். கம்பு, பருத்தி, தக்காளி என்று பல பயிர்களில் இன்று ஹைபிரிட் எனப்படும் வீரிய ஒட்டு விதைதான். நெல்லில்கூட, சீனாவின் யுவான் லோங்பிங் 1970களிலேயே அதைச் சாதித்துவிட்டார். ஆனால் உலகில் மிக அதிகப் பரப்பில் விளையும் கோதுமையில் வீரிய ஒட்டின் பங்கு இன்னும் 1 சதவீதத்தைத் தொடவில்லை.

மரபில் வேறுபட்ட இரண்டு தூய வழிகளை இணைத்தால், முதல் தலைமுறைப் பயிர் பெற்றோர் இரண்டையும் விஞ்சி வளரும். இதுதான் கலப்பின வீரியம். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷல் 1908இல் மக்காச்சோளத்தை வைத்து இதை எடுத்துக்காட்டினார். ஒரு பெற்றோரின் குறையுள்ள மரபணுவை மற்றொன்றின் நல்ல மரபணு ஈடுகட்டிவிடுவது இதற்கு முக்கியக் காரணம். கோதுமையில் இந்த வீரியம் சுமார் 10 சதவீதக் கூடுதல் விளைச்சல் தருகிறது. மக்காச்சோளத்தோடு பார்த்தால் இது மிகக் குறைவு.

ரொட்டிக் கோதுமையே ஒரு கலப்பினம்தான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன், காஸ்பியன் கடலின் தென்கரையை ஒட்டி, ஏற்கெனவே இரண்டு இனங்களின் கலப்பான, உழவர்கள் வளர்த்த எம்மர் கோதுமையும் ஒரு காட்டுப் புல்லும் தாமாகக் கலந்தன. அதனால் இன்றைய கோதுமையில் மூன்று இனங்களின் குரோமோசோம்கள், மொத்தம் 42, ஒன்றாக வாழ்கின்றன. கலப்பின் பலன் ஓரளவு ஏற்கெனவே உள்ளே உறைந்துவிட்டதால்தான் மேலும் கலக்கும்போது பெரிய பாய்ச்சல் இல்லை என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பெரிய தடை பூவின் அமைப்பில் இருக்கிறது. மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியில், கதிர் இடுப்பில். உச்சிப் பூவை ஒடித்துவிட்டால் அந்தச் செடி தாயாகிவிடும். கோதுமையில் மூன்று மகரந்தப்பைகளும் ஒரு சூலகமும் ஒரே உமிக்குள் அடங்கியிருக்கின்றன. பூ சரியாக விரிவதற்குள் தன் மகரந்தமே தன் சூலகத்தில் விழுந்து கரு கூடிவிடும். ஆய்வாளர் இடுக்கியால் மகரந்தப்பைகளைப் பிடுங்கிச் சில கதிர்களைக் கலக்கலாம். டன் கணக்கில் விதை வேண்டுமென்றால் தாய்ச்செடி ஆண் மலடாகவே பிறக்க வேண்டும்.

அதற்கான முதல் வழியை 1951இல் ஜப்பானின் ஹிதோஷி கிஹாரா கண்டார். கோதுமையின் உட்கருவைக் காட்டுப் புல்லின் செல்திரவத்தில் வைத்தபோது மகரந்தம் மலடானது. 1962இல் அமெரிக்காவின் வில்சனும் ராஸும் திமோஃபீவி கோதுமையின் செல்திரவத்தைக் கொண்டு இதை நடைமுறைக்கு நெருங்கக் கொண்டுவந்தார்கள். சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. உழவர் வயலில் மணி பிடிக்க, ஒட்டுப் பயிரில் வளமை திரும்ப வேண்டும். அதைத் திருப்பும் மரபணுக்கள் எல்லாச் சூழலிலும் முழுதாக வேலை செய்யவில்லை. பிரான்சில் வேதிப்பொருள் தெளித்து மகரந்தத்தை மலடாக்கும் முறை நிலைத்தது. ஆனால் தெளிக்கக் கிடைப்பது சில நாட்களே. கோதுமை மகரந்தம் வெளியே வந்தால் வெகுநேரம் உயிரோடு இருக்காது, வெகுதூரம் பறக்காது. அந்த நாட்களில் மழை பிடித்தால் விதை உற்பத்தி சரியும்.

செலவுக் கணக்கும் இடிக்கிறது. மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். கோதுமைக்கு 40 கிலோ வேண்டும். அரும்பாடுபட்டு உண்டாக்கிய விதையை இவ்வளவு கொட்டினால், 10 சதவீதக் கூடுதல் விளைச்சல் விதை விலையிலேயே கரைந்துவிடும்.

இந்தியாவின் கோதுமைப் புரட்சி வீரிய ஒட்டு இல்லாமலே நடந்தது. ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டை ரகத்தின் மரபணுவை மெக்சிகோவில் நார்மன் போர்லாக் தன் ரகங்களில் சேர்த்தார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் அவற்றை இந்தியாவுக்கு வரவழைக்கப் பாடுபட்டார். 1966இல் 18,000 டன் விதை இறக்குமதியானது. 1964-65இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன்னாக இருந்த விளைச்சல் 1967-68இல் 1 கோடியே 65 லட்சத்தை எட்டியது. தூய ரகம் என்பதால் உழவர் தன் அறுவடையிலிருந்தே விதை எடுத்தார், பக்கத்து வயலுக்கும் கொடுத்தார். வீரிய ஒட்டில் இது நடக்காது. அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து வீரியம் குன்றும்.

2017இல் எம்எஸ்1 என்ற மலட்டு மரபணு துல்லியமாக அடையாளம் காணப்பட்டபின் வீரிய ஒட்டுக் கோதுமைக்கான முயற்சி புதுவேகம் பெற்றிருக்கிறது. வெப்பம் கூடிவரும் வயல்களில் வீரிய ஒட்டின் தாங்குதிறன் உதவக்கூடும், ஆய்வு தொடரட்டும். ஆனால் விதையை ஆண்டுதோறும் வாங்க இயலாத உழவர்களுக்காக, தூய ரகங்களை மேம்படுத்தும் பணியைப் பொது ஆராய்ச்சி நிலையங்கள் ஒருபோதும் கைவிடக் கூடாது.