வேகமும் தடையும்

யேர்மனியிலுள்ள நூர்பர்க்கிறிங் பந்தயப் பாதை 1927ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. 20.8 கிலோமீற்றர் நீளமான அதன் வடபாதையிலே கட்டணஞ் செலுத்திப் பொதுமக்களும் தம் மோட்டார் வண்டிகளை ஓட்டலாம். வீதியிற் குறைவின்றித் தொழிற்பட்ட பிறேக் அங்கே சில சுற்றுக்களில் தளர்ந்துவிடுவது ஏன்?

இயக்கச் சத்தி வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. 1,600 கிலோகிராம் நிறையுள்ள செடான் வண்டி மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் கொண்டுள்ள சத்தி ஏறக்குறைய 6 இலட்சம் யூல். 200 கிலோமீற்றரில் அது நான்கு மடங்காகின்றது. பிறேக் இச்சத்தியை அழிப்பதில்லை, வெப்பமாக மாற்றுகின்றது. வட்டு ஆறுமுன் அடுத்த வளைவு வந்துவிடுகின்றது.

இதனால் விளையுங் கேடுகள் இரண்டு. ‘பாட்’ எனப்படும் உராய்வுத் துண்டுகளைப் பிணைக்கும் பிசின் மிகுவெப்பத்திற் சிதைந்து வாயுவை வெளியிடும். உராய்வு குன்றும், தேய்வு விரையும். மற்றையது திரவத்தைச் சார்ந்தது. பிறேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ‘டொட் 4’ வகைக்குத் தரவிதி வேண்டும் கொதிநிலை, புதிதாயின் குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரமேறியபின் 155 பாகையே. கொதித்த திரவத்தின் ஆவி அமுங்குமாதலின், மிதி தாழ்ந்தும் வண்டி நில்லாது.

ஆயின், பந்தயப் பாட்களையே எப்போதும் பூட்டலாமோ? அன்று. அவற்றுட் பல சூடேறும்வரை நன்கு பற்றா. வீடு திரும்பும் வழியிற் குறுக்கே ஓடும் குழந்தை அதுவரை காத்திராது. ஆகவே, பாதைக்கொரு தொகுதியும் வீதிக்கொரு தொகுதியும் வைத்து மாற்றிப் பூட்டுதலும், புதுத்திரவம் நிரப்புதலும், இறுதிச் சுற்றை மெல்ல ஓட்டி ஆறவிடுதலும் அறிவுடைமையாம்.