கிணற்று நீரும் கிராமப் படமும்

கடலோரச் சிற்றூர்களில் மீன்பிடிக்கச் செல்வோர் இன்று காற்றையும் அலையையும் மட்டுமே நம்பிப் புறப்படுவதில்லை. 1999-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக் கோள்கள் அளந்து தரும் கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் கொண்டு, மீன் திரளக்கூடிய இடங்களைப் படத்தில் குறித்து அறிவிக்கின்றது. அளந்து, படத்தில் குறித்து, பின்னர்ச் செயலில் இறங்கும் இம்முறை, கடலுக்கு வெகுதொலைவில் நொய்யல் கரையில் வாழும் நமக்கும் இன்றியமையாததாகும்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கின்றது. பின்னலாடைத் தொழில் பெருகியபோது சாயக் கழிவும் இவ்வாற்றில் சேர்ந்தது. பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் மழைநீரோடு கழிவின் உப்பும் தேங்கி, நிலத்துள் இறங்கிச் சுற்றுப்புறக் கிணறுகளைக் கெடுத்தது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றலாகாது என்னும் விதியை நிறைவேற்றும்வரை சாயப் பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. ஆயினும், முன்னரே மண்ணில் இறங்கிய உப்பு ஆணையால் அகன்றுவிடாது.

தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் நல்லனவே. ஆனால் அவை தாம் தேக்கும் நீரையே நிலத்துள் செலுத்தும். நல்ல நீர் வரும் ஓடையில் கட்டினால் கிணறு ஊறும். உப்புநீர் வரும் ஓடையில் கட்டினால் அண்டை வயலின் கிணறும் கெடும். எந்த ஓடை எத்தகையது என்பதை ஊகத்தால் முடிவு செய்தல் தகாது.

செய்ய வேண்டுவது எளிது. கிராம வரைபடத்தின் படியொன்றில் ஓடை, குளம், கிணறு ஆகியவற்றைப் புல எண்ணுடன் குறிக்க வேண்டும். கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஒரு முறையும், ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டத்தையும் கயிறு விட்டு அளந்து, கிணற்று நீரிலும் ஓடை நீரிலும் உள்ள உப்பை டி.டி.எஸ். மானியால் பார்த்து எழுத வேண்டும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிட்டாத இடத்தும் 2,000-ஐத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. எனவே 500 வரை பச்சை, 2,000 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு எனப் புள்ளியிடுக. சிவப்புப் புள்ளிகள் ஏதேனும் ஓர் ஓடையை ஒட்டி வரிசையாக நிற்குமாயின், அது பார்த்த அளவிலே புலனாகும். மானி உப்பின் மொத்த அளவையே காட்டும். பாசனத்திற்கு ஏற்றதா என்று அறிய, வேளாண்மைத் துறையின் ஆய்வு நிலையத்தில் நீரைச் சோதித்துக்கொள்க.

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2009-இல் தொடங்கிய ‘புவன்’ தளத்தில் நம் ஊரின் செயற்கைக் கோள் படத்தைக் காணலாம். ஓடைகளின் போக்கும் தூர்ந்த வாய்க்கால்களின் தடமும் அதில் தெரியும். எனினும் கிணற்றடி நீரின் உப்பை வானிலிருந்து அது காட்டாது. அதனை நாமே அளத்தல் வேண்டும்.

இவ்வாறு ஆயத்தம் செய்த படத்தைக் கிராம சபையில் யாவரும் காணுமாறு மாட்டி வைத்து, அதன் முன் நின்று தடுப்பணைக்கு இடம் தேர்க. தவறான இடத்தில் கட்டிய அணையை இடித்துவிடலாம்; அது கெடுத்த கிணற்றை எளிதில் மீட்க இயலாது.