தானாக மறுபடி தொடங்கும் கணிப்பொறி

ஓட்டு வீட்டில் மழைநீர் ஒழுகுகிறது. எந்த ஓடு உடைந்தது என்று தெரியவில்லை. ஊகமாக ஓர் ஓட்டை மாற்றுகிறீர்கள். அடுத்த இரண்டு நாட்களும் ஒழுகவில்லை. ஆனால் அந்த இரண்டு நாட்களும் மழையே பெய்யவில்லை! குறை தீர்ந்தது என்று சொல்லலாமா?

கணிப்பொறி திடீரென்று அணைந்து மறுபடி தொடங்கும் கோளாறும் இத்தகையதே. எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாங்களே இதில் ஏமாந்தோம். அளவீடுகளைப் பதிவு செய்துகொண்டிருந்த கணிப்பொறி நடுவில் மறுபடி தொடங்கி, மாணவர்களின் அரைநாள் உழைப்பை விழுங்கிவிட்டது. நினைவகத்தில்தான் குறை என்று எண்ணி 'ரேம்' பலகையை மாற்றினோம். இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் பழைய கதையே!

எங்கே தவறினோம்? சராசரியாக இரண்டு நாளுக்கு ஒரு முறை, ஒழுங்கின்றி வரும் கோளாறு அது. எதையுமே மாற்றாவிட்டாலும் அது இரண்டு நாள் வராமலிருக்க நூற்றுக்கு ஏறத்தாழ 37 பங்கு வாய்ப்பு உண்டு. ஆறு நாள் வராமலிருக்கும் வாய்ப்போ நூற்றுக்கு 5 பங்குதான். ஆகவே இரண்டு நாள் அமைதி ஒரு சான்றே அன்று.

காரணங்கள் யாவை?

மேசைக் கணிப்பொறியின் மின்வழங்கிப் பெட்டியைக் கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். இது 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. இவை 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. அதாவது 12 வோல்ட், 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. எல்லாம் சரியாக உள்ளவரை, பெட்டி தனிக் கம்பி ஒன்றின் வழியே 'நலம்' என்ற சைகையை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். மின்னழுத்தம் சரிந்தால் சைகை நிற்கும், செயலியும் நிறுத்தப்படும். சைகை மீண்டும் வந்ததும் செயலி முதலிலிருந்து தொடங்கும்.

வீட்டு மின்சாரம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கு தடைப்பட்டால், பெட்டியிலுள்ள மின்தேக்கி தான் சேமித்த ஆற்றலைக் கொடுத்துச் சமாளிக்கும். ஆனால் இவ்வகை மின்தேக்கிகள் வெப்பத்தால் மெல்ல உலர்பவை. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். உலர்ந்த மின்தேக்கியால் சுமையைத் தாங்க இயலாது.

மற்றக் காரணங்களும் உண்டு. தூசி அடைத்துச் செயலி சூடேறினால், அது முதலில் வேகத்தைக் குறைக்கும். பிறகு பெரும்பாலும் கணிப்பொறி முழுவதும் அணைந்துவிடும். நினைவகம் பிழை செய்தால், பல நேரங்களில் திரையில் ஒரு பிழைச்செய்தி தோன்றி மறையும். மின்னழுத்தச் சரிவிலோ செய்தி எழுத நேரமே இராது. பக்கத்துக் கணிப்பொறியும் அதே நொடியில் அணைந்தால், குறை கட்டடத்தின் மின்சாரத்தில் இருக்கலாம். எனவே நேரம், அப்போது நடந்த வேலை, கண்ட அறிகுறி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

மழையை வரவழைப்போம்!

ஒழுகும் ஓட்டைக் கண்டுபிடிக்க, மழைக்குக் காத்திராமல் குடத்துநீரை ஊற்றிப் பார்க்கலாம் அல்லவா? நாங்களும் அதையே செய்தோம். 'மெம்டெஸ்ட்86' என்னும் நினைவகச் சோதனையை இரவு முழுதும் ஓட்டினோம்; பிழை இல்லை. அடுத்து, செயலிக்கு இடைவிடாத கடுங்கணக்கு ஒன்றைக் கொடுத்தோம். பத்தே நிமிடத்தில் மறுபடி தொடங்கியது! மூன்று முறை செய்தும் அப்படியே. செயலியின் வெப்பநிலை அளவுக்குள்தான் இருந்தது. கோளாறு இப்போது எங்கள் கைக்குள் வந்துவிட்டது.

நல்ல நிலையிலுள்ள வேறொரு மின்வழங்கியைப் பொருத்தி அதே கணக்கைக் கொடுத்தோம். மூன்று மணி நேரம் தடங்கலின்றி ஓடியது. அத்துடன் நிறுத்தவில்லை, பழைய பெட்டியை மறுபடி பொருத்தினோம். சில நிமிடங்களில் கோளாறு திரும்பியது. இது ஏன் தேவை? கழற்றி மாட்டும்போது தளர்ந்த இணைப்பு ஒன்று இறுகியதாலும் கோளாறு நின்றிருக்கலாம். பழையது திரும்பியதும் கோளாறும் திரும்பினால்தான் குற்றவாளி உறுதியாகிறது.

ஓர் எச்சரிக்கை: மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். மற்ற உறுப்புகளையும், மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, ஆசிரியர் உடனிருக்க மட்டுமே கழற்றுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைத் திருப்பி வைத்தும் பாருங்கள். மிதிவண்டி விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலும் இம்முறையே உதவும். இன்றே முயன்று பார்க்கலாமே!