போடியிலிருந்து கோபானுக்கு ஒரு நூல்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு, வானில் நேராக அளந்தால் சுமார் 33 கிலோமீட்டர். தரைவழியில் ஏறக்குறைய 68. அடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அதில் பங்கு உண்டு. விடிவதற்கு முன் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தால், போடி ஊரின் விளக்குகள் ஒரு வளைவில் வலப்பக்கம் தெரியும், அடுத்ததில் இடப்பக்கம். வளைந்து போனால் தூரம் கூடும் என்பது மலைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வானத்தில் கணக்கே வேறு.

போடியில் ஏலக்காய் விலை பேசுகிற இடத்தில் குவாத்தமாலா பெயர் வராமல் இருக்காது. நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் செடி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடப்பட்டது. பெரும்பாலான ஆண்டுகளில் நம்மைவிட அவர்கள் அதிகம் விளைவிக்கிறார்கள். குவாத்தமாலாவின் ஏலக்காய் மலைகளின் நடுவே இருக்கும் ஊர் கோபான். போடி 10 பாகை வடக்கில், கோபான் பதினைந்தரை பாகை வடக்கில். ஆக, சுவரில் மாட்டிய உலகப்படத்தில் போடியிலிருந்து மேற்கே ஒரு கோடு இழுத்தால், அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் தாண்டி நேராகக் கோபானில் போய் நிற்கும். அந்த வழியின் நீளம் சுமார் 18,200 கிலோமீட்டர்.

இப்போது ஒரு பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் மேற்கே போகாது. வழுக்கி வடக்கே ஏறிவிடும்! நான் கணக்கிட்டுப் பார்த்தேன்: மும்பைக்கு மேலாக, மாஸ்கோவை ஒட்டி, ஐஸ்லாந்துக்குக் கிழக்கே உள்ள குளிர்க்கடலில் ஏறத்தாழ 65 பாகை வரை உயர்ந்து, கிரீன்லாந்தின் தென்முனை, நியூயார்க், ஃபுளோரிடா என்று இறங்குகிறது. நீளம் சுமார் 16,900 கிலோமீட்டர்தான். 1,300 கிலோமீட்டர் மிச்சம்.

காரணம் உருண்டையிலேயே இருக்கிறது. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை கிழக்கு மேற்காக நகர 111 கிலோமீட்டர் போக வேண்டும். 60 பாகை வடக்கில் அதே ஒரு பாகைக்கு சுமார் 56 கிலோமீட்டர் போதும். துருவத்தை நெருங்க நெருங்க தீர்க்கக்கோடுகள் ஆரஞ்சுச் சுளைகள் காம்பில் கூடுவதுபோல நெருங்கிவிடுகின்றன. தட்டையான படமோ அவற்றைச் சம இடைவெளியில் விரித்துக் காட்டுகிறது. அதில் வளைவாகத் தெரிகிற அந்த வழிதான் பூமியின் மேல் உண்மையில் நேர்வழி.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நில்லாமல் பறந்தால் போடி–கோபான் பயணம் பதினெட்டே முக்கால் மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு இடைநில்லாமல் பறக்கும் விமானம் கடப்பதோ சுமார் 15,300 கிலோமீட்டர். நிஜப் பயணத்தில் எதிர்காற்றும், பறக்கத் தடையுள்ள வான்பகுதிகளும் வழியை மாற்றும், நேரத்தைக் கூட்டும்.

இரண்டு மலைகளின் காயும் சவூதி அரேபியாவின் காப்பிக் கோப்பையில் சந்திக்கின்றன. அந்நாட்டின் ஜித்தா நகருக்குப் போடியிலிருந்து வான்வழித் தூரம் 4,260 கிலோமீட்டர், கோபானிலிருந்து 13,150.

கடிகாரத்தில் இரு ஊர்களுக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். நவம்பரில், இரண்டு பக்கமும் காய் எடுப்பு நடக்கிற மாதத்தில், மாலை 6 மணிக்கு ஜீப்புகள் மலைமேல் உள்ள போடிமெட்டிலிருந்து விளக்குப் போட்டுக்கொண்டு இறங்கும். கோபானில் அப்போது காலை 6.30. மாயா இனப் பெண்கள் கூடையோடு ஏலச்செடிகளுக்கு நடுவே இறங்குகிற வேளை.