நாட்டுக்கோழிக்குப் புளித்த தீவனம்: புளிக்கலாம், பூசணம் பிடிக்கக் கூடாது!

புறக்கடையில் பத்துக் கோழி வளர்ப்பவர்களும் கம்பு, உடைத்த மக்காச்சோளம், அரிசிக் குருணையைப் புளிக்க வைத்துக் கொடுக்கலாம். பிளாஸ்டிக் வாளியிலோ மண்பானையிலோ தானியத்தைப் போட்டு, மேலே இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி ஊற்றுங்கள். தினமும் கிளறி, தளர்வாக மூடி வையுங்கள். நம் வெயிலுக்கு இரண்டு, மூன்று நாளில் தோசை மாவுபோலப் புளிப்பு வாசம் வரும். லாக்டிக் அமில பாக்டீரியா பெருகியதற்கு அதுவே அடையாளம். தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் பாஸ்பரஸ் ஓரளவு விடுபட்டுக் கோழிக்குச் சேரும்.

நீரை வடித்து, ஒரு மணி நேரத்தில் தின்று தீரும் அளவே வையுங்கள். மிச்சத்தை அள்ளிவிட்டுத் தட்டைக் கழுவுங்கள். பூசணமோ அழுகல் நாற்றமோ இருந்தால் மொத்தத்தையும் புதைத்துவிடுங்கள். பூசணம் பிடித்த தானியம் ஊறவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நச்சு கல்லீரலைக் கெடுத்துக் கோழியைக் கொல்லும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு இது மருந்தல்ல. தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.