கொங்கு நாட்டுத் திருச்சபைகளும் நாட்டுப்பற்றும்

கொங்கு நாட்டுத் திருச்சபைகளும் நாட்டுப்பற்றும் என்னும் இக்கட்டுரை, கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், ஆனைமலை முதலிய பகுதிகளை உள்ளடக்கிய கொங்கு நாட்டில் கிறித்தவ அமைப்புகளும் அவற்றைச் சார்ந்தோரும் தேசிய உணர்வையும் அறநெறியையும் வளர்த்த முறையை விளக்குகிறது. அயல்நாட்டவரால் தொடங்கப்பட்ட ஒரு சபை இந்நாட்டின் சபையாக ஆக முடியுமா என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வியாகும்.

பின்னணி

இலண்டன் மிசனரி சங்கம் சேலத்தில் 1827 ஆம் ஆண்டிலும் கோயம்புத்தூரில் 1830 ஆம் ஆண்டிலும் பணியைத் தொடங்கியது. கத்தோலிக்கத் திருச்சபையில் கோயம்புத்தூர் 1850 இல் தனி மறைவட்டப் பகுதியாக உயர்த்தப்பட்டது. அதன் தலைவராக இருந்த மரியோன் தெ பிரெசியாக், உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதே தம் முதற்கடமை எனக் கருதினார். இவ்வாறு, சபையின் தலைமை இந்நாட்டவரிடம் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் தேசிய இயக்கம் தோன்றுவதற்கு முன்னரே இங்கு எழுந்தது. பின்னாளில் ஆனைமலைத் தொடரின் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் குடிபெயர்ந்த தொழிலாளருள்ளும் கிறித்தவர்கள் இருந்தமையால், மலைப்பகுதிகளிலும் கோவில்கள் எழுந்தன.

கே. டி. பால்

சேலத்தில் 1876 ஆம் ஆண்டு பிறந்த கே. டி. பால் இத்துறையில் முதன்மையானவர். இந்தியர்களின் பணத்தாலும் இந்தியர்களின் உழைப்பாலும் நடைபெற வேண்டும் என்னும் நோக்குடன் 1905 இல் சேராம்பூரில் தொடங்கப்பட்ட தேசிய மிசனரி சங்கத்தின் பொதுச் செயலாளராகப் பணியாற்றினார். 1916 இல் இந்திய ஒய். எம். சி. ஏ. இயக்கத்தின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலாளரானார்.

கிராமங்களில் கடனும் வறுமையும் நீங்காமல் அறநெறி பேசுவது பயனற்றது என அவர் கருதினார். ஆகவே கூட்டுறவுக் கடன், வேளாண்மை, கைத்தொழில், கல்வி ஆகியவற்றை இணைத்த ஊரகச் சீரமைப்புத் திட்டத்தை முன்னெடுத்தார். இத்திட்டத்தின் நடுவங்கள் மார்த்தாண்டத்திலும் கோயம்புத்தூரை அடுத்த இராமநாதபுரத்திலும் இயங்கின.

தனித்தொகுதிச் சிக்கல்

1919 ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் இந்தியக் கிறித்தவர்களுக்குத் தனித்தொகுதிகளை வழங்கியது. இம்முறையில் கிறித்தவ வாக்காளர் மட்டுமே கிறித்தவ உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பர். இது கிறித்தவர்களை அண்டை அயலாரிடமிருந்து பிரித்துவிடும் என்பதால் பால் இதனை எதிர்த்தார். 1930 இல் இலண்டனில் நடைபெற்ற முதலாம் வட்டமேசை மாநாட்டில் அவர் கலந்துகொண்டார். அதே மாநாட்டிற்குச் சென்ற ஏ. டி. பன்னீர்செல்வம் தனித்தொகுதிகளை ஆதரித்தார். எனவே கிறித்தவர் அனைவரும் ஒரே கருத்துடையோராய் இருந்தனர் எனக் கொள்ளுதல் தவறாகும். பால் 1931 இல் காலமானார்.

அறநெறிப் பணி

ஈரோட்டில் பணிபுரிந்த எச். ஏ. பாப்ளி, தமிழிசையையும் கதாகாலட்சேப முறையையும் சமயப் பணியில் பயன்படுத்தினார். இந்திய இசை பற்றி 1921 இல் நூல் வெளியிட்ட அவர், 1931 இல் திருக்குறளின் தேர்ந்த பகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். விவிலியத்தைப் போதிக்க வந்தவர் தமிழரின் அறநூலைக் கற்று உலகிற்கு அறிவித்தமை குறிப்பிடத்தக்கது.

முரண்பாடுகள்

அயல்நாட்டு மிசனரிகள் பிரித்தானிய அரசுக்கு எதிராகச் செயல்படுவதில்லை என உறுதியளிக்க வேண்டியிருந்தது. எனவே பல சபைகள் விடுதலைப் போராட்டத்தில் ஒதுங்கியே நின்றன. இதற்கு விலக்காக, மதுரையில் பணியாற்றிய அமெரிக்கரான இரால்ப் ரிச்சர்ட் கைத்தான், காந்தியின் அன்பரான ரெசினால்ட் ரெனால்ட்சைத் தம் இல்லத்தில் தங்கவைத்ததன் தொடர்பில் 1930 இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. தமிழ்க் கிறித்தவரான ஜே. சி. குமரப்பா காந்தியின் கிராமப் பொருளியலை வகுத்தளித்ததோடு, போராட்டத்தில் சிறையும் சென்றார். சபைகளுக்குள் சாதி வேற்றுமை நீடித்ததும் அவற்றின் அறப்போதனைக்குப் பெரும் சோதனையாக இருந்தது.

விடுதலைக்குப் பின்

நாடு விடுதலை பெற்ற ஆறு வாரங்களில், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்க, மெதடிச, தென்னிந்திய ஐக்கிய சபைகள் இதில் இணைந்தன. இதன் கோயம்புத்தூர் பேராயத்தின் முதல் பேராயராக 1950 இல் ஏ. ஜே. அப்பாசாமி பொறுப்பேற்றார். அவர் கிறித்தவத்தைப் பத்தி நெறியாக விளக்கிய தமிழறிஞர் ஆவார்.

அரசியல் நிர்ணய மன்றத்தில் எச். சி. முகர்ஜி, அருட்தந்தை ஜெரோம் டிசூசா ஆகியோர் சிறுபான்மையினருக்கான தனித்தொகுதிகளைக் கைவிட இசைந்தனர். சமயச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடு 1949 இல் கைவிடப்பட்டது. பால் இருபது ஆண்டுகளுக்கு முன் வலியுறுத்திய நிலைப்பாடு இவ்வாறு அரசியலமைப்பில் இடம் பெற்றது. ஒரு சமூகம் தனக்கெனக் கிடைத்த உரிமையொன்றைப் பொது வாழ்வின் பொருட்டு விட்டுக்கொடுத்தமைக்கு இது எடுத்துக்காட்டாக விளங்குகிறது.